தவளைமூஞ்சி ஓணானும் ஏசி ஆபீசும்

என் மனைவி மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. பாம்பின் எலும்பு, பறவையின் இதயம், மண்புழுவின் வயிறு எல்லாவற்றையும் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். ஆனால் சமையலறைச் சுவரில் உயிரோடு ஒரு பல்லி ஓடினால், துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நான்தான் போக வேண்டும். இதை நான் எழுதுவது அவளுக்குத் தெரியும். எழுதி முடித்ததும் திருத்தித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் கேட்கவில்லை.

இருபத்தொரு வருடம் சவூதியில் இருந்துவிட்டு, மூன்று வருடத்துக்கு முன்பு நெய்யூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்டாள். மனைவி காலையிலேயே பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவாள். பகல் முழுவதும் எனக்கு இரண்டு பொறுப்புகள். தண்ணீர் மோட்டாரைப் போடுவது, போட்டதை நிறுத்துவது. இரண்டாவதை அடிக்கடி மறந்துவிடுவேன். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு கல்ஃப்காரர் இருப்பதால் என் பேச்சுக்குத் தனி மதிப்பு ஒன்றும் கிடையாது. நாங்கள் ஒருவர் சொல்வதை ஒருவர் நம்ப மாட்டோம். ஆனால் சாயா ஆறும்வரை பொறுமையாகக் கேட்போம்.

விஷயம் ஒரு மழை நாளில் தொடங்கியது. மூன்று நாளாக விடாத மழை. பேச்சிப்பாறை அணையைத் திறக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மனைவி மறுநாள் பாடத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். பாலைவனத்து விலங்குகள் பகலில் பதுங்கி இரவில் வெளியே வரும் என்று வாய்விட்டுப் படித்தாள்.

"எல்லாம் அப்பிடி இல்ல," என்றேன்.

"புஸ்தகத்துல இருக்கு."

"புஸ்தகம் எழுதினவன் அங்க போயிருக்க மாட்டான். அங்க ஒரு ஓந்தான் உண்டு. உச்சைக்குத்தான் வெளிய வந்து நிக்கும்."

ஓந்தான் என்று நாங்கள் சொல்வது ஓணானை, உச்சை என்பது நடுப்பகலை. அவள் பேனாவை மூடி வைத்துவிட்டு, சொல்லுங்கள் பார்ப்போம் என்பது போல நாற்காலியைத் திருப்பினாள். என்னை ஒருவர் இப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. நானும் விடவில்லை.

அது விரல் நீளம்தான் இருக்கும். வாலோடு சேர்த்தும் ஒரு சாண் வராது. உடம்பு தட்டை, தலை உருண்டை, முகம் அப்படியே தவளை. காதுத் துளை வெளியே தெரியாது. கண்ணிமை ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி செதில்கள், மணல் விழாமல் இருக்க. கால் விரல்களிலும் அதே மாதிரி உண்டு. நிறம், எந்த மணலில் நிற்கிறதோ அந்த மணலின் நிறம். அசையாமல் நின்றுவிட்டால், தான் அங்கே இருக்கிறோமா என்று அதற்கே சந்தேகம் வந்துவிடும்.

விடிந்து கொஞ்ச நேரம் கழித்து, மணலுக்குள்ளிருந்து முதலில் தலை மட்டும் வரும். அப்போது உடம்பு கருத்திருக்கும். வெயில் ஏற ஏற வெளுத்துக்கொண்டே போகும். வெயிலில் நின்று வெளுக்கிற ஒரே பிறவி அதுதான், நானும் அங்கே நின்று பார்த்தேன், எனக்கு அப்படி நடக்கவில்லை. மணல் கொதிக்கத் தொடங்கியதும் மற்ற உயிர்கள் எல்லாம் குழியைத் தேடிப் போகும். இது மட்டும் நான்கு காலையும் விறைப்பாக நீட்டி, வயிறு தரையில் படாமல் உயர்ந்து நிற்கும். இன்னும் சூடு கூடினால் முன்னங்கால்களைத் தூக்கிவிட்டு, பின்னங்காலிலும் வாலிலும் சாய்ந்து, ஏதோ பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்ப்பது போல நிற்கும். அதற்கும் மேல் தாங்காவிட்டால் ஓடிப்போய்ச் செடி நிழலில் ஒண்டும்.

அதன் பேச்செல்லாம் வாலில். வால் நுனி கறுப்பு. அதை முதுகுக்கு மேல் சுருட்டும், அவிழ்க்கும், மறுபடி சுருட்டும். பக்கத்து ஓணானுக்குச் சொல்லுகிற சேதி எப்போதும் ஒன்றுதான்: இது என் இடம், நீ அந்தப் பக்கம் போ. இதை ஆணும் சொல்லும், பெண்ணும் சொல்லும். விருப்பமில்லாத பெண்ணிடம் ஆண் நெருங்கினால், அது சட்டென்று மல்லாக்கப் புரண்டு, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கட்டை மாதிரி கிடக்கும். ஆண் கொஞ்ச நேரம் நின்று பார்க்கும். பிறகு, தான் வந்ததே எறும்பு தின்னத்தான் என்பது போல எறும்பு தின்னப் போய்விடும்.

"இத எனக்க கிளாசுல சொல்ல முடியாது," என்றாள் மனைவி. ஆனால் சிரித்தாள்.

அவள் நம்ப மறுத்தது அடுத்த விஷயத்தை. ஆபத்து வந்தால் அது ஓடாமல் நின்ற இடத்திலேயே உடம்பைப் பக்கவாட்டில் படபடவென்று உதறும். உதற உதற மணல் விலகி, உடம்பு கீழே இறங்கி, ஒன்று இரண்டு என்று எண்ணி முடிப்பதற்குள் ஆள் இருக்காது. மணல் மட்டும் இருக்கும்.

"தோண்டித்தான் போகும். எல்லா ஓந்தானும் தோண்டத்தான் செய்யும்."

"தோண்டாது. உதறும்."

"பொய்க்கும் ஒரு அளவு உண்டும்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வாழ்க்கையில் நான் சொல்லியிருக்கிற பொய்கள் பல. இது அதில் இல்லை. மறுநாள் மழை விட்டதும் அவளைப் பக்கத்து மனைக்குக் கூட்டிப்போனேன். அங்கே யாரோ வீடு கட்ட மணல் குவித்திருந்தார்கள். ஐம்பத்தைந்து வயதில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டிவைத்து, இடுப்பை இடமும் வலமும் உதறிக் காட்டினேன். மழையில் நனைந்த மணல் ஆதலால் நான் இம்மியும் இறங்கவில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் சர்ச் சபைக் கமிட்டிக்காரர் ஒருவர் ஸ்கூட்டரில் வந்தார். வண்டியை நிறுத்திவிட்டு, "மக்கா, ஒனக்கு வல்லதும் செய்யுதா?" என்று, உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது போலப் பதறிப்போய்க் கேட்டார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவிட்டாள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மூன்று பேர் என் உடல்நிலையை விசாரித்தார்கள்.

ஆனால் நான் மணலில் புரண்ட அன்றைக்கு மாலையே அவள் ஒரு புது நோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வருகிறது. அந்த ஓந்தானைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள், நன்றாக இருந்தால் நீங்களே வந்து பிள்ளைகளிடம் பேசலாம் என்றாள். நான் ஓர் இரவுகூட யோசிக்கவில்லை. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் இருபத்தொரு வருடத்தில் முதல் ஒன்பது வருடம் நான் என்ன வேலை பார்த்தேன் என்பது என் மனைவிக்குத் தெரியாது.

விசா கையில் வந்தபோது அதில் ஆபீஸ் வேலை என்றுதான் இருந்தது. போய் இறங்கிய மூன்றாம் நாள் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டுபோய், ஆளரவம் இல்லாத மணல்வெளியில், இரும்புக் குழாய்களை அடுக்கி வைத்திருந்த ஓர் இடத்தில் இறக்கிவிட்டார்கள். இந்தக் குழாய்களை யாரும் கொண்டுபோகாமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான் வேலை என்றார்கள். ஒவ்வொரு குழாயும் எங்கள் வீட்டுத் தென்னை மரத்தைவிடப் பெரியது. அதை யார் கொண்டுபோவார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு தகர அறை, ஒரு தகரக் கூரை நிழல், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, நான்.

வீட்டுக்கு ஆபீஸ் என்றே எழுதினேன். எங்கள் பக்கத்திலிருந்து போனவர்களில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் எழுதினார்கள். ஆடு மேய்த்தவன் சூப்பர்வைசர், கக்கூஸ் கழுவியவன் மெயின்டனன்ஸ். ஒருவன் உண்மையைச் சொன்னால் மற்ற எல்லோருடைய குட்டும் உடையும் என்பதால் ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டோம். அந்த ஆபீசை நம்பித்தான் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்த என் மாமனார் பெண் கொடுத்தார். பெண்ணோ முதுகலை விலங்கியல். முதல் லீவில் கல்யாணம், ஐம்பதாம் நாள் விமானம்.

அந்தப் பொய்யை வளர்க்க நான் பட்ட பாட்டை வேறு எதிலாவது பட்டிருந்தால் முன்னேறியிருப்பேன். லீவுக்குக் கிளம்ப இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி முகாமுக்குப் போகும்போது என்ஜினீயர் இல்லாத நேரம் அவர் நாற்காலியில் உட்கார்ந்து போட்டோ எடுத்து அனுப்புவேன். வெள்ளிக்கிழமை போனில் பேச, சிக்னலுக்காகக் குழாய் அடுக்கின் மூன்றாவது வரிசையில் ஏறி உட்காருவேன். எங்கே இருந்து பேசுகிறீர்கள் என்றால், மூன்றாவது மாடி. பின்னால் என்ன சத்தம் என்றால், ஜெனரேட்டரைக் காட்டி, சென்ட்ரல் ஏசி. லீவில் வரும்போது கருத்துப்போயிருப்பதற்கு வெள்ளிக்கிழமை கிரிக்கெட். பத்தாவது வருடம் உண்மையிலேயே முகாமின் ஸ்டோரில் உள்வேலைக்கு மாற்றினார்கள், உண்மையிலேயே ஏசி வந்தது. அதற்குப் பிறகு பழையதைக் கிளறுவானேன் என்று விட்டுவிட்டேன். மாமனாரும் அந்த ஆபீசை நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

இவ்வளவு கெட்டிக்காரனுக்கு, ஓணானைப் பற்றி எழுதும்போது மட்டும் எச்சரிக்கை தோன்றவில்லை. அதைப் பற்றி எனக்குப் பொய் சொல்லத் தெரியாது. பார்த்ததை அப்படியே எழுதினேன். நாற்பது பக்கம் எழுதினேன்.

நோட்டு திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. முதலில் எழுத்துப்பிழைகள். பிறகு கேள்விகள்.

காலையில் கருப்பு, மதியம் வெளுப்பு என்கிறீர்களே, இரண்டு நேரமும் பார்த்தது ஒரே ஓணான்தான் என்று எப்படித் தெரியும்? அதன் வலது கண்ணுக்கு மேல் ஒரு வெட்டுத்தழும்பு உண்டு, அதை வைத்துத் தெரியும் என்று கீழே எழுதிக் கொடுத்தேன். நோட்டு போய்விட்டு மறுபடி வந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள்? நாலடி என்று எழுதினேன். அசையும் மனிதனைக் கண்டால் அது மணலுக்குள் போய்விடும் என்று எட்டாம் பக்கத்தில் இருக்கிறது, பிறகு நாலடியில் எப்படி நின்றது? பழகிவிட்டது, நாள்தோறும் அசையாமல் உட்கார்ந்திருந்தால் நம்மையும் ஒரு கல் என்று எடுத்துக்கொள்ளும் என்று எழுதினேன். எனக்கு ஒரே பெருமை. நான் படித்த படிப்புக்கு என்னிடம் ஒருவர் இத்தனை கேள்வி கேட்டதே இல்லை.

அப்புறம் ஒரு சனிக்கிழமை காலை, அவள் நோட்டோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள். பரீட்சையில் பிட் அடித்த பிள்ளையைப் பிடிக்கும்போது அவளுக்கு ஒரு குரல் உண்டு. சத்தமே இருக்காது.

"நாள்தோறும்னு எழுதியிருக்கிய."

"ஆமா."

"வெள்ளிக்கிழமைதானே உங்களுக்கு லீவு? கிரிக்கெட் விளையாடப் போற எடத்துல பாத்ததுன்னுல்லா நான் நெனச்சேன்."

நான் மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க எழுந்தேன். மோட்டார் ஓடவில்லை. "இரிங்க," என்றாள். இருந்தேன்.

"முட்ட போட்டு, குஞ்சு பொரிச்சு, அது வளந்து, மறுவருசம் அது முட்ட போட்டது வரைக்கும் எழுதியிருக்கு. காலத்த, உச்சைக்கு, வைகிட்டு. மணல்ல இருந்து பாத்த ஆளு எழுதினதாக்கும் இது. மூணாவது மாடியில இருந்து பாத்தா ஓந்தானுக்க கண்ணுக்கு மேல உள்ள தழும்பு தெரியுமா?"

எனக்குப் பயமாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், தகரம், நாற்காலி, மூன்றாவது வரிசை. சொல்லி முடித்ததும் வாட்ச்மேனுக்கு வாக்கப்பட்டேனே என்று அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்கான ஆறுதல் வார்த்தைகளைக்கூட வருடக்கணக்காக நாற்காலியில் உட்கார்ந்து தயாரித்து வைத்திருந்தேன்.

"வாட்ச்மேன்னு சொன்னா எங்க அப்பா கெட்டித் தந்திருக்க மாட்டாவ. அது செரி. கெட்டின பெறவு என்னத்துக்கு மறச்சிய?"

தயாரித்து வைத்திருந்த ஆறுதலில் ஒன்றைத் தொடங்கினேன். அவள் விடவில்லை.

"பிள்ளைக்குக் காய்ச்சல், கரண்ட் இல்ல, நான் விசிறியும் கையுமா இருந்துகிட்டு உங்ககிட்ட போன்ல அழுதா, இங்க ஏசியில குளிருதுன்னு சொன்னிய. போன வச்சுட்டு உங்கள நான் என்னவெல்லாம் ஏசியிருக்கேன் தெரியுமா? அத்தன வருசமும் உங்க மேல பொறாமப்பட்டேன். வெறுதே பொறாமப்பட்டேன்."

அதற்குப் பிறகு இரண்டு நாள் பேச்சில்லை. சோறு இருந்தது, குழம்பு இருந்தது. மூன்றாம் நாள் நோட்டு என் மேசைக்குத் திரும்பி வந்தது. முதல் பக்கத்தின் தலையில் புதிதாக மூன்று வரி எழுதியிருந்தாள். கவனித்தவர் யார். எங்கே இருந்து. எவ்வளவு காலம். மூன்றுக்கும் எதிரே இடம் விட்டிருந்தாள்.

"இத எழுதலேன்னா மத்தது எல்லாம் கதையாக்கும்," என்றாள். "எழுதணும்னு கட்டாயம் இல்ல. எழுதாத நோட்ட நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக மாட்டேன்."

அந்த மூன்று வரியை நிரப்ப எனக்குக் கை வரவில்லை. எழுதினால் அது பள்ளிச் சுவரில் தொங்கும். ஊரில் பாதிப் பேருடைய பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். நான் வாட்ச்மேன் என்றால், என்னோடு சவூதிக்குப் போன இனயம் ஊர்க்காரர் என்னவாக இருந்தார் என்று அவர் வீட்டிலும் கேட்பார்கள். அதெல்லாம் சாக்கு. அவள் கண்ணெதிரே அதை எழுத்தில் போடுவதற்கு வெட்கம், அவ்வளவுதான். கண்காட்சி நாள் வந்தது. நோட்டு வீட்டில் கிடந்தது, இடம் காலியாகக் கிடந்தது. தலைமை ஆசிரியை ஏற்கெனவே அழைத்துவிட்டதால், வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெறுங்கையோடு போனேன்.

வகுப்பறை நிறையப் பிள்ளைகள். தலைமை ஆசிரியை என்னை அறிமுகப்படுத்தினார். வெளிநாட்டில் பெரிய நிறுவனத்தின் அலுவலகத்தில் உயர் பதவி வகித்தவர், ஓய்வு நேரத்தில் இயற்கையை நேசித்தவர் என்றார். கைதட்டினார்கள். மனைவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்திருந்தால்கூட அந்த அறிமுகத்தை அப்படியே விட்டுத் தப்பித்திருப்பேனோ என்னவோ.

"பிள்ளைகளே," என்றேன். "தலைமை ஆசிரியை சொன்னதில் ஒரு திருத்தம். நான் அங்கே ஆபீசில் இல்லை. பாலைவனத்தில் குழாய்களுக்குக் காவல் இருந்தேன். வாட்ச்மேன். ஒன்பது வருடம். அதனால்தான் இந்த ஓணானை எனக்குத் தெரியும்."

தலைமை ஆசிரியை கையிலிருந்த தாளைத் திருப்பிப் பார்த்தார். பிள்ளைகளுக்கு அதில் ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. ஓணான் எங்கே என்பது போல இருந்தார்கள். நான் ஆரம்பித்தேன். கண்ணிமை, வால், கருப்பு, வெளுப்பு. மல்லாக்கப் புரள்வதைத் தாண்டிப் போனேன். உதறி இறங்குவதைச் சொன்னதும் முன்வரிசை முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்தபடி உதறியது. பேசி முடித்ததும் ஒரு பெண் பிள்ளை எழுந்து, "சார், ஒன்பது வருடம் தனியாக இருந்தால் போரடிக்காதா?" என்று கேட்டாள்.

இல்லை என்ற பதில் நாக்கில் தயாராக இருந்தது. பழக்கதோஷம்.

"அடிக்கும்," என்றேன். "ரொம்ப அடிச்சுது. ஓணானோட பேசியிருக்கேன்."

பிள்ளைகள் சிரித்தார்கள். கடைசி பெஞ்சில் என் மனைவி எழுந்து நின்றாள். பள்ளிக்கூடத்தில் அவள் புத்தகத் தமிழ்தான் பேசுவாள். அன்றைக்கு அத்தனை பேருக்கும் முன்னால் வீட்டுத் தமிழில் கேட்டாள்.

"குடிக்க வெள்ளம் யாரு கொண்டு தந்தா?"

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவ லாரி வரும்."

"வராத நாளு?"

வெள்ளிக்கிழமை தோறும் போனில் அவள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கேட்க முடியாதபடி நான்தான் செய்திருந்தேன்.

"வராத நாளும் உண்டும்," என்றேன்.

அவள் உட்காரவில்லை. "பின்ன என்ன செய்விய?" என்றாள். நான் பிள்ளைகளை விட்டுவிட்டு, அவளுக்குப் பதில் சொல்லத் தொடங்கினேன்.